கோட்டுக்குள்ள இருந்த முயல் யாருது?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு க்ளைட் ப்ரக்மன்னு ஒருத்தரைப் பத்தி பேசப்போறேன், பேரைக் கேட்டதும் யாருன்னு முழிக்கறீங்க பாருங்க, ஆனா லாரல் ஹார்டி, த்ரீ ஸ்டூஜஸ்னு அந்தக் காலத்து ஹாலிவுட் காமெடிங்களைப் பார்த்திருந்தீங்கன்னா அவர் யோசிச்சதுக்கு நீங்க கண்டிப்பா சிரிச்சிருப்பீங்க.

ஆளு 1894ல கலிபோர்னியால பொறந்தவர், பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் எழுதிட்டு இருந்தவர், 1920கள் தொடக்கத்துல ஊமைப்பட காமெடி ஹீரோ பஸ்டர் கீட்டன்கிட்ட போய் சேர்ந்தார். அங்க பேப்பர்ல ஸ்கிரிப்டே கிடையாதுங்க, நம்ம ஊர்ல டிஸ்கஷன்னு சொல்றோமே அதான், நாலஞ்சு பேர் உக்காந்து பேசறது, சீன் எங்கயாவது முட்டிக்கிச்சுன்னா எல்லாரும் எழுந்து பேஸ்பால் ஆடப் போயிடுவாங்க. (நம்ம ஆளுங்க டீக்குப் போவாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.)

அப்புறம் 1927ல லாரல் ஹார்டியை வச்சு ரெண்டு ரீல் படம், அதாவது குறும்படம், பை அடிச்சுக்கற சண்டை. பைன்னா மஞ்சப்பை இல்ல, க்ரீம் ரொப்புன பலகாரம். அதை மூஞ்சில அடிக்கறது அப்பவே புளிச்சுப்போன காமெடிதான், ஆனா இதுல அது எப்படி ஆரம்பிக்குதுன்னு கவனிங்க: லாரல் பேர்ல இன்சூரன்ஸ் போட்டுட்டு, அவர் வழுக்கி விழட்டும்னு ஹார்டி வாழைப்பழத் தோலைப் போடறார், விழறது என்னவோ பை விக்கறவன், அவன் கடுப்பாகி ஹார்டி மூஞ்சில ஒண்ணு வைக்க, திருப்பி எறிஞ்சது சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர் மேல பட, அப்படியே கடைசில தெருவே வெள்ளையாயிடுது. டைரக்‌ஷன் நம்ம ஆளுதான்.

பேச்சுப் படம் வந்தப்புறம் குடி ஜாஸ்தியாச்சு, டைரக்‌ஷன் சான்ஸ் போச்சு, கொலம்பியாங்கற சினிமா கம்பெனில குறும்படங்களுக்கு எழுத உக்காந்தார், அவசரத்துக்கு பழைய காமெடி சீனையே எடுத்து விட்டார். அதுல ஒண்ணுதான் மேஜிக் கோட்டு. ஹீரோ பார்ட்டில தெரியாம மேஜிக்காரன் கோட்டை மாட்டிட்டு ஒரு பெரிய இடத்து அம்மாகூட டான்ஸ் ஆடறான், சட்டைப்பூ தண்ணி பீச்சுது, புறா வருது, முயல் வருது, எலி வந்ததும் பொம்பளைங்க எல்லாம் நாற்காலி மேல. முதல்ல இது வந்தது 1932ல, ஹெரால்ட் லாயிட்ங்கற இன்னொரு காமெடி ஹீரோ படத்துல. அந்தப் படத்துக்கு டைரக்டர்னு பேர் வந்தது யாருக்குன்னு நினைக்கறீங்க? இதே ப்ரக்மனுக்குத்தான்!

ஆனா உரிமை லாயிட் கம்பெனிகிட்ட. 1943ல யுனிவர்சல்ங்கற இன்னொரு சினிமா கம்பெனிக்கு ப்ரக்மன் எழுதினதுல அந்த லாயிட் படத்தோட தொடர்ச்சியா 57 சீன் அப்படியே இறங்கியிருந்ததுன்னு கேஸ் போட்டாங்க, 40,000 டாலர் நஷ்ட ஈடு, 1947ல அப்பீல்லயும் அதேதான். லாயிட் பக்கம் தப்புன்னு சொல்ல மாட்டேன், 57 சீன்ங்கறது ஓவர்தான், ஆனாலும் தான் டைரக்ட் பண்ண சீனையே திருடினவன்னு ஒருத்தன் பேர் வாங்கறதைப் பாருங்க, எனக்கு வயிறு என்னமோ பண்ணுது. அதுக்கப்புறம் பெரிய கம்பெனிங்க அவரைத் தொடவே யோசிச்சாங்க. கொஞ்ச நாள் டிவிக்கு எழுதினார். 1955 ஜனவரில தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

அந்த பை சண்டைப் படம் இருக்கே, ரெண்டாவது ரீல் தொலைஞ்சுபோய் ரொம்ப வருஷம் துண்டு துண்டாத்தான் பார்க்க முடிஞ்சது, 2015ல பழைய ஃபிலிம் சுருள் சேர்த்து வைக்கற ஒருத்தர்கிட்ட கிட்டத்தட்ட முழுசா கிடைச்சது. இப்போ லைட்டை அணைக்கச் சொல்றேன், வாழைப்பழத் தோலை மட்டும் விட்டுடாதீங்க.