முதல் உடும்பு: உடும்பை விடப் பெட்டியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவில் வீட்டில் உடும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகப் பேசுகிறேன். எந்த இனத்துக்கு என்ன உரிமம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டில் பிடித்து வருவது குற்றம். இந்தியாவிலோ உடும்பு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கே வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

கடையில் குட்டியாக இருக்கும் லேஸ் மானிட்டர் என்ற உடும்பு இரண்டு மீட்டர் வரை வளரும். முதல் உடும்பாக அது வேண்டாம். என் பரிந்துரை, வடக்குப் பாறை நிலங்களில் வாழும் முள்வால் உடும்பு. வளர்ப்போர் 'ஆக்கி' என்பார்கள். 60, 70 சென்டிமீட்டர்தான், அதிலும் பாதிக்கு மேல் வால். நன்றாகப் பராமரித்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும்.

சின்ன உடல் என்று சின்னப் பெட்டி வாங்காதீர்கள். நீளம் 120, அகலம் 60, உயரம் 90 சென்டிமீட்டர் தேவை. உயரத்தில் 30 மண்ணுக்கே போய்விடும். அந்த மண் மட்டும் ஏறக்குறைய 300 கிலோ இருக்கும். சாதாரண மேசை தாங்காது. மணலும் தோட்டமண்ணும் கலந்து, லேசாக நனைத்து, கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அப்போதுதான் தோண்டிய வளை சரியாது. மேலே வெயில், வளைக்குள் ஈரம்: இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அது பிழைக்கிறது. ஈர வளை இல்லையென்றால் உடல் நீர் வற்றும், சிறுநீரகம் கெடும், மூட்டில் யூரிக் அமிலம் படியும். பெண் உடும்புக்கு முட்டையிட ஆழமான மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிரையே எடுத்துவிடும்.

விளக்கின் கீழ் அது வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பயந்துபோய் 40இல் நிறுத்துவார்கள். இரை செரிக்காது, மந்தமாகும். ஒரே இடத்தில் குவியும் ஒற்றை விளக்கும் தவறு, முதுகில் ஒரு புள்ளி மட்டும் சுட்டுப் புண்ணாகும். குறைந்த வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு, மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடல் முழுக்கச் சூடேறும். மறுமுனை 25 டிகிரியில் இருக்கட்டும். அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, ஒரு வாரம் வெறும் பெட்டியை ஓடவிட்ட பிறகே குட்டியைக் கொண்டுவாருங்கள்.

குட்டியைப் பார்க்கும்போது வாலின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். அது திரண்டிருக்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்தினால் வாங்காதீர்கள். விரல் நுனிகளில் பழைய தோல் வளையமாக இறுகியிருந்தால் விரலே உதிரும். தாடை கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள், வளைந்தால் சுண்ணாம்புச்சத்து குறைவு. உங்கள் கண்முன் இரை போடச் சொல்லுங்கள். பூச்சியைத் துரத்திப் பிடிக்காத குட்டிக்கு என்ன தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

இரை, கால்சியம் தூவிய சுவர்க்கோழியும் கரப்பானும். எலி எப்போதாவதுதான், அடிக்கடி போட்டால் கொழுப்பு ஏறி ஈரல் கெடும். தூக்கும்போது வாலைப் பிடிக்காதீர்கள். பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும், உடும்புக்கு முளைக்காது.