வேல்ஸில் மூத்த ஊழியத் தம்பதி: அன்றாடம் எப்படிப் போகிறது?

[திரையில்: வேல்ஸ் வரைபடம். வடக்கே பாங்கர், தெற்கே மெர்தர் டிட்வில், கார்டிஃப்]

மிஷனரி என்றதும் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர் கால்டுவெல். 1841-ல் இடையன்குடிக்கு வந்தவர், அதன்பின் தம் வாழ்நாளை இந்த மண்ணிலேயே கழித்தார். இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது வேறு வகை மிஷனரிகளை. பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவி. பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். இவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, சொந்தச் சேமிப்பில் வேல்ஸுக்குப் போய், ஒன்றரை வருடம் சபைப்பணி செய்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இவர்களை அனுப்புவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பேச்சுவழக்கில் மார்மன் சபை. மூத்தவர்களின் ஊழியக் காலம் 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். மூத்த தம்பதிக்கும் அதே பெயர்ப்பட்டைதான், வேலை மட்டும் வேறு. இளைஞர்களுக்கு இருக்கும் இறுக்கமான நேர அட்டவணை இவர்களுக்குக் கிடையாது. வீடு வீடாகக் கதவைத் தட்டும் கடமையும் இல்லை.

இவர்களால் விளையும் நன்மை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வரவேற்பறையில், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்பதில்தான் நடக்கிறது. அந்த வரவேற்பறைக்குப் போய்ச் சேர டிரைவிங் லைசென்ஸ் வேண்டும். வாரம் முழுக்க அப்படிப் போய்வர உடம்பு நன்றாக இருக்க வேண்டும், உடம்பு கெடாமலிருக்க வீடு காய்ந்திருக்க வேண்டும். அதனால் இந்த வீடியோவில் இறையியலைவிட இவைதான் அதிகம் வரும்.

[திரையில்: பழைய பாய்மரக் கப்பல்]

ஏன் வேல்ஸ் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டான் ஜோன்ஸ் 1810-ல் ஃபிளின்ட்ஷயரில் பிறந்தவர், மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டியவர். 1845-ல் மிஷனரியாகச் சொந்த நாடு திரும்பி, வேல்ஷ் மொழியிலேயே பிரசங்கித்தார், அடுத்த ஆண்டே வேல்ஷ் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1849 பிப்ரவரியில் லிவர்பூலில் 'பியூனா விஸ்டா' கப்பலேறி ஏறத்தாழ 250 வேல்ஷ் மக்களோடு அமெரிக்கா புறப்பட்டார். இந்தச் சபையின் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புத்தகம் 1852-ல் வேல்ஷ் மொழியில் மெர்தர் டிட்விலில் வெளியானது. இன்று, சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்க மாநிலமான யூட்டாவிலிருந்து வரும் தம்பதிகளில் சிலருக்கு வேல்ஷ் மூதாதையர் இருப்பது இப்படித்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

பிரிட்டனில் சமயப் பணியாளருக்கான தற்காலிக விசா அதிகபட்சம் 24 மாதம். சபை ஸ்பான்சராக நின்று சான்று எண் தர வேண்டும். கையில் 1,270 பவுண்டு இருப்பைக் காட்ட வேண்டும், அல்லது ஸ்பான்சர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். புறப்படும் முன்பே மருத்துவக் கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. இரண்டு பேருக்கு ஒன்றரை வருடம் என்றால் 3,000 பவுண்டைத் தாண்டிவிடும். வீட்டு வாடகையை மட்டும் கணக்குப் போட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். கட்டியபின் அரசு மருத்துவம் உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பதுபோலவே கிடைக்கும். வேல்ஸில் 2007 ஏப்ரல் முதல் டாக்டர் எழுதித்தரும் மருந்துக்குக் கட்டணமே இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வந்த முதல் வாரமே வீட்டுக்கு அருகிலுள்ள சர்ஜரியில், அதாவது டாக்டரின் கிளினிக்கில், பெயர் பதியுங்கள். மூன்று மாத மருந்தும், மருந்துகளின் வேதிப்பெயர் எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும். பிராண்டுப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும்.

[திரையில்: இருபுறமும் புதர்வேலி, நடுவில் ஒற்றைத் தடச் சாலை]

வண்டி விஷயத்தில் மிக அதிகமானோர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க லைசென்ஸோடு பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். அதை உள்ளூர் லைசென்ஸாக மாற்றித்தர மாட்டார்கள். ஆக 18 மாதம் தங்குபவருக்குக் கடைசி ஆறு மாதம் வண்டி இல்லை, பிரிட்டிஷ் தேர்வில் தேறினால் ஒழிய. நாற்பது வருடம் ஓட்டிய அனுபவம் இருந்தாலும் தொடக்கத்திலிருந்துதான்: முதலில் தற்காலிக லைசென்ஸ், பிறகு எழுத்துத் தேர்வு, பிறகு சாலைத் தேர்வு. எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும். அதோடு, சாலை ஆபத்தை முன்கூட்டி உணர்ந்து கிளிக் செய்யும் வீடியோ பகுதியில் 75-க்கு 44. சாலைத் தேர்வுக்கு முன் 20 மீட்டர் தூரத்திலிருக்கும் நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்ட வேண்டும். கண்ணாடி மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் ஊரிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். பத்தாவது மாதத்தில் யோசிப்பது தாமதம், நான்காவது மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். இருவரில் ஒருவர் தேறினாலே ஊழியம் நிற்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், இந்த வேலைக்கு அது போதும்.

சாலையைப் பற்றியும் கொஞ்சம். வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல், தெருவிளக்குள்ள குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக எல்லை மணிக்கு 20 மைல். இங்கிலாந்தில் 30 மைலுக்குப் பழகியவர்களே எல்லை தாண்டியதும் மாட்டிக்கொள்கிறார்கள். கிராமத்து ஒற்றைத் தடச் சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நின்று எதிர்வண்டியை அதற்குள் வரவிடுங்கள். இதை மாற்றிச் செய்தால் இரண்டு வண்டியும் முட்டி நிற்கும். பின்னோக்கி ஓட்டத் தயங்குபவர்கள் முதல் வாரத்தில் வெறும் கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் பயிற்சி எடுப்பது நல்லது.

[திரையில்: வாரக் காலண்டர்]

ஞாயிறு ஆராதனை மொத்தம் இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் திருவிருந்து ஆராதனை, அடுத்தது வகுப்பு. கூட்டம் குறைந்த கிளைச்சபையில் தம்பதி முக்கால் மணி முன்னதாகப் போய் ஹீட்டரை ஓடவிடுவார்கள், பியானோ வாசிப்பவர் வராவிட்டால் பதிவுசெய்த இசையைத் தயாராக வைப்பார்கள், வண்டியில்லாதவர்களை அழைத்து வருவார்கள். திங்கள் துணி துவைக்க, சாமான் வாங்க. செவ்வாய் முதல் வெள்ளி வரை சந்திப்புகளும், அழைப்புக் கடிதத்தில் குறிப்பிட்ட பணியும். சிலருக்கு அலுவலகக் கணக்கு, சிலருக்கு இளைஞர் வகுப்பு, சிலருக்கு இளம் மிஷனரிகளின் வாடகை வீடுகளை மேற்பார்ப்பது.

சந்திப்புக்கு முன்கூட்டி போன் செய்யுங்கள். சாப்பாட்டு நேரம் தவிர்த்து, முற்பகல் 11 அல்லது பிற்பகல் 2:30. நடமாட முடியாத முதியவர் வீட்டில், உள்ளூர்த் தலைவர் அனுமதித்தால், அப்பமும் தண்ணீரும் கொண்டு திருவிருந்து பரிமாறலாம். இந்தச் சபையில் திராட்சைரசத்துக்குப் பதில் தண்ணீர்தான். வடமேற்கில் வேல்ஷ் மொழியின் பிடி மிக வலுவானது. 2021 கணக்கெடுப்பில் க்வினெத் பகுதியில் 64.4 விழுக்காட்டினர் வேல்ஷ் பேசுபவர்கள், நாடு முழுக்கப் பார்த்தால் 17.8. வாசலில் 'போரே டா' என்று காலை வணக்கம் சொல்லிப் பாருங்கள், உச்சரிப்பு பிசகினாலும் முகம் மலரும். அதே கணக்கெடுப்பில் 46.5 விழுக்காட்டினர் மதம் இல்லை என்று பதிந்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்து, கேட்டாலொழிய விசுவாசத்தைப் பேச்சில் திணிக்காமல் இருப்பவர்களுக்கே மறுபடி கதவு திறக்கிறது.

வேல்ஸில் உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் தேநீர் வரும். இந்தச் சபையார் டீயும் காபியும் குடிப்பதில்லை. மறுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரருக்குச் சங்கடம். "டீ வேண்டாம், வெந்நீரில் கொஞ்சம் ஸ்குவாஷ் கலந்து கொடுங்களேன்" என்று உடனே வேறொன்றைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பெப்பர்மின்ட், ரூய்போஸ் போன்ற தேயிலை இல்லாத மூலிகைப் பைகள் சிலவற்றைக் கைப்பையில் வைத்திருந்தால், கெட்டில் கொதித்தபின் ஒரு பையைப் போட்டால் போதும். பலர் கவனிக்கத் தவறுவது பாரா ப்ரித் என்ற பழரொட்டியை. உலர்பழத்தை இரவு முழுக்கக் கறுப்புத் தேநீரில் ஊறவைத்துத்தான் அதைச் செய்வார்கள். தம்பதி தாங்களே செய்து எடுத்துப்போவது நல்ல வழி: 400 கிராம் உலர்திராட்சை வகைகளை 300 மில்லி சூடான ரூய்போஸில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் 250 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்த மைதா), 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் கலவை மசாலாத்தூள் சேர்த்து, 160 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஊறல் போதாவிட்டால் மேலே தெரியும் பழம் கருகி உள்ளே ரொட்டி வறண்டுவிடும். சூட்டோடு அறுத்தால் உதிரும், மறுநாள் அறுங்கள்.

[திரையில்: பழைய சேப்பல் பதிவேட்டுப் பக்கம்]

குடும்ப வரலாறு தேடித்தருவது இவர்கள் செய்யும் வேலைகளில் மிக அருமையானது என்பது எங்கள் எண்ணம். சபைக்கு வராதவர்களும் ஆர்வத்தோடு உட்காருவார்கள். ஆனால் வேல்ஸில் இது கடினம். ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், இவான்ஸ் என்று ஒருசில குடும்பப்பெயர்களே திரும்பத் திரும்ப வரும். நம் ஊர் இனிஷியல் மாதிரி, அங்கேயும் அப்பா பெயரே பிள்ளைக்குப் பின்பெயராக வந்தது. சில கிராமப் பகுதிகளில் இது 19-ம் நூற்றாண்டு வரை நீடித்தது. அதனால் தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் வெவ்வேறு பின்பெயர் இருக்கலாம்.

முதலில் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் பண்ணையின் பெயர், சேப்பலின் (ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் வழிபாட்டுக் கூடம்) பெயர், தொழில் இந்த மூன்றையும் கேளுங்கள். பின்பெயரைவிட இவை ஆளை நன்றாகக் காட்டும். பிறகு 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து பத்துப் பத்து வருடமாகப் பின்னோக்கி 1841 வரை போங்கள். 1931 ஏடுகள் தீயில் அழிந்துவிட்டன. பிறப்பு, திருமணம், இறப்பின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்குகிறது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் அந்த ஆண்டிலிருந்தே தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் உண்டு. ஒரே ஊரில் நான்கு டேவிட் ஜோன்ஸ் இருந்தால், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 'லூயிஸ்' என்றிருக்கிறதா, 'ரீஸ்' என்றிருக்கிறதா என்று பார்த்தே பிரிக்க முடியும். அதற்கு முந்தைய காலத்தில் குழந்தையின் ஞானஸ்நானம் சேப்பல் ஏட்டில் இருக்கும், பெற்றோரின் திருமணமோ ஆங்கிலிக்கன் தேவாலய ஏட்டில் இருக்கும். 1754 முதல் 1837 வரை சட்டம் அப்படி. இது தெரியாதவர்கள் சேப்பல் ஏட்டிலேயே திருமணத்தைத் தேடிக் களைத்துப்போவார்கள். அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மரண அறிவிப்புகளில் பண்ணைப் பெயர் கிடைக்கும்.

அவசரப்பட்டுத் தவறான டேவிட் ஜோன்ஸைக் குடும்ப மரத்தில் ஒட்டினால் அதற்கு மேலுள்ள தலைமுறைகள் அத்தனையும் வேறு யாருடையதோ ஆகிவிடும். இரண்டு தனித்தனி ஆதாரம் ஒத்துப்போகும்வரை ஒட்டாதீர்கள். கடந்த 110 ஆண்டுக்குள் பிறந்தவரின் பெயரை, இறந்தவர்களுக்காகச் சபையின் ஆலயத்தில் செய்யும் சடங்குக்குக் கொடுக்க நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது சபையின் விதி. அதைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும்.

[திரையில்: ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள்]

வீட்டில் பெரிய எதிரி ஈரம். டிசம்பரில் கார்டிஃபில் நாலேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். துணியை ஹீட்டர் மேல் காயப்போட்டு ஜன்னலை மூடிவைத்தால் இரண்டே வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை வரும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன், காலையில் பத்து நிமிடம் ஜன்னல் திறப்பு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒரு டீஹியூமிடிஃபையர். அமெரிக்க ஹேர் டிரையரைக் கொண்டுவராதீர்கள், இங்கே 230 வோல்ட், எரிந்துபோகும். தூக்கத்துக்கான மூச்சுக்கருவியில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

இளம் மிஷனரிகளின் வாடகை வீட்டைப் பார்க்கப்போகும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். வேல்ஸ் சட்டப்படி வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் மின்இணைப்புள்ள புகை எச்சரிக்கைக் கருவி, எரிவாயு அடுப்போ பாய்லரோ உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு கருவி, ஐந்தாண்டுக்குள் எடுத்த மின் பரிசோதனைச் சான்று இருக்க வேண்டும். பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா பாருங்கள். பையன்கள் சமைக்கையில் சத்தம் போடுகிறதென்று கழற்றி டிராயரில் வைத்திருப்பார்கள்.

பேரப்பிள்ளைகளோடு பேச, யூட்டாவுக்கு 7 மணி நேர வித்தியாசம். மார்ச்சில் அமெரிக்கா முன்னதாகக் கடிகாரத்தை மாற்றுவதால் இரண்டு மூன்று வாரம் அது 6 மணி நேரமாகிவிடும், அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் அப்படியே.

கிளம்பும் மாதத்தில் மீட்டர் அளவைப் படமெடுத்து அனுப்புங்கள், கவுன்சிலுக்குத் தேதி சொல்லி வரியை முடியுங்கள், நுழைந்த நாளில் எடுத்த வீட்டுப் படங்களோடு ஒப்பிட்டு முன்பணத்தைக் கேளுங்கள். அடுத்த தம்பதிக்கு ஒரு நோட்டு எழுதிவைப்பது வழக்கம்: யாருக்கு எந்த நாள் வசதி, யாருக்கு ஞாயிறன்று வண்டி வேண்டும், யாருடைய குடும்ப மரம் எந்தத் தலைமுறையில் நிற்கிறது. அதில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுமுன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைக் காலியாக விடுங்கள்.