பெரியப்பாவின் பேஸும் நடுக்கால் ஒயரும்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டில் மாவு ஆட்டுகிறார்கள். இன்றைக்கு வாசிப்பு கொஞ்சம்தான், ஸ்க்ரூ டிரைவர் வேலைதான் அதிகம்.

மடியில் இருப்பது பெரியப்பாவின் பேஸ் கிட்டார். 80-களில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். சித்திரை, வைகாசி வந்தால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று வேனிலேயே குடித்தனம் நடத்துவார். அப்புறம் கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸையும் வாசித்துவிடலாம் என்று ஆனதும், இது மதுரை திருநகர் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. ஜப்பானில் செய்தது. தலையில் பெயர் எதுவும் இல்லை. உருவம் அப்படியே அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ்: இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் காந்தச் சுருள்), மூன்று குமிழ் (பிக்கப்புக்கு ஒரு வால்யூம், பொதுவாக ஒரு டோன்). 70-களில் ஜப்பான்காரர்கள் இப்படி நிறைய நகல் எடுத்தார்கள்.

பெரியப்பாவுக்கு இதன்மேல் ஒரே ஒரு குறை. "ஒரு பிக்கப்பைக் குறைத்தால் இன்னொன்றும் சேர்ந்து சாகுதுப்பா." ஜப்பான் சரக்கு அப்படித்தான் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, இரண்டையும் முழுசாகத் திறந்து வைத்தே இத்தனை வருஷம் வாசித்திருக்கிறார்.

சரி, திறந்து பார்ப்போம். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். குமிழுக்கு அடியில் இருக்கும் இந்த வட்டமான டப்பாதான் பாட், அதாவது வால்யூம் கண்ட்ரோல். மூன்று கால் தெரிகிறதா? உள்ளே குதிரை லாட வடிவத்தில் ஒரு கார்பன் பட்டை இருக்கும். ஓரத்துக் கால்கள் இரண்டும் பட்டையின் இரண்டு முனை. நடுக்கால், பட்டையின்மேல் உரசிக்கொண்டு நகரும் நாக்கு.

ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பிக்கப் ஒயரை நடுக்காலில் பற்ற வைத்திருப்பார்கள். வெளியே போகும் ஒயர் ஓரத்துக் காலில் இருக்கும். இன்னொரு ஓரத்துக் கால் எர்த்தில் இருக்கும். எர்த்துக்குப் போன சிக்னல் சத்தமாக வெளியே வராது. ரேடியோ, டேப் ரிக்கார்டர் பார்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கெல்லாம் சிக்னல் ஓரத்தில் நுழைந்து நடுவில் வெளியேறும். இதில் யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ திறந்து, "தப்பாக இருக்கே" என்று நல்ல மனசோடு ரேடியோ மாதிரி மாற்றிவிட்டிருக்கிறார். பாருங்கள், இந்த நாலு இடத்தில் மட்டும் ஈயம் புதுசாகவும் உருண்டையாகவும் இருக்கிறது.

விளைவு என்ன? இரண்டு பாட்டின் நடுக்காலும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஜாக்குக்கு, அதாவது ஆம்ப் கேபிள் செருகும் துளைக்குப் போகிறது. ஒன்றைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் அதன் நடுக்கால் எர்த்தில் உட்காரும். கூடவே இன்னொன்றின் சத்தத்தையும் இழுத்துக்கொண்டு உட்காரும். நடுக்காலில் பிக்கப் இருந்தால் அந்த ஒரு பிக்கப் மட்டும்தான் எர்த் ஆகும், அடுத்தது உயிரோடு இருக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. வால்யூமைக் குறைக்கக் குறைக்க அந்த பிக்கப்பின் கூர்மையும் சேர்ந்து குறையும். எனக்கு அது பிடிக்கும்.

மாற்றி வைக்க நாலு ஒயர் வேலை. அதிலும் ஒரு பாட்டைக் கொன்றேன். ஓரத்துக் காலில் பழைய ஈயம் இளகவே இல்லை. 25 வாட் சால்டரிங் அயர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதில் கார்பன் பட்டை வெந்துபோனது. திருப்பினால் கரகர என்று தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தம். பழைய ஈயத்தில் முதலில் கொஞ்சம் புது ஈயத்தை ஊட்டினால் சட்டென்று இளகும். தெரிந்துகொண்டே செய்யாமல் விட்டேன், என் தப்பு. டவுன் ஹால் ரோடு பக்கம் போய் 250 கே (கிலோ ஓம்) பாட் ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியில் போட்டிருப்பது 250, மீட்டரில் வந்தது 231. பழைய பாட்டுகளில் ஒன்று 212, இன்னொன்று 287 காட்டியது. ஒரே வயசு, ஒரே கம்பெனி, இவ்வளவு வித்தியாசம். பாட்டின் மதிப்பு கூடினால் சத்தம் கொஞ்சம் பளிச்சென்று வரும், குறைந்தால் மொத்தையாகும். "இரண்டு வின்டேஜ் பேஸ் ஒரே மாதிரி இருக்காது" என்பார்களே, அதில் பாதிக் கதை இதுதான்.

இப்போது இந்தப் பழுப்பு வில்லை. கண்டன்சர். இதைப் பற்றித்தான் நிறைய பேர் கேட்கிறீர்கள்: "அண்ணே, பழைய கண்டன்சர் போட்டால் பழைய டோன் வருமா?" 473 என்று அச்சடித்திருக்கிறது. 47-க்குப் பின்னால் மூன்று சைபர், பிக்கோ ஃபாரட் கணக்கு, அதாவது 0.047 மைக்ரோ ஃபாரட். பழைய அமெரிக்க பேஸ்களில் 0.05 என்று இருக்கும், கிட்டத்தட்ட அதேதான். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸில், அதற்கும் முந்தைய காலத்தில் 0.1, அதாவது 104. டோன் குமிழை மூட மூட, கூர்மையான சத்தம் இதன் வழியாக எர்த்துக்கு வடிந்துவிடும். மதிப்பு பெரிதானால் இன்னும் கீழேயிருந்தே வடியும்.

முதலைக் கிளிப்பில் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டுகிறேன். இது பழசு... இது சில்லறைக் காசுக்கு வாங்கிய புது 473... இது 104. பழசுக்கும் புதுசுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 104-க்கு மாறினதும் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆனது கேட்டீர்களா? மதிப்புதான் சத்தத்தை மாற்றுகிறது, வயசு இல்லை. இதைத் தனியாகக் கழற்றி ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறவர்களிடம் நான் வாங்க மாட்டேன்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. யாராவது "65 மாடல் அமெரிக்கன்" என்று விற்க வந்தால் பாட்டின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் எண் 304 என்று ஆரம்பித்தால் பாட் செய்த கம்பெனி ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். பின்னால் வருவது வருஷமும் வாரமும். 3046612 என்றால் 1966-ஆம் வருஷம் 12-ஆவது வாரம். அதற்கு முன்னால் அந்தப் பாட்டைப் பூட்டியிருக்க முடியாது. ஆனால் பாட்டை மட்டும் மாற்றியிருக்கலாம், என்னை மாதிரி ஒருவன் சுட்டிருந்தால்.

அடுத்தது இரைச்சல். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியவை, காந்தமும் எதிர். இரண்டையும் முழுசாகத் திறந்தால் கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றைக் குறைத்தால் "உம்ம்ம்" திரும்பி வரும். பிரிசிஷன் பேஸில் 1957-லிருந்து பிக்கப்பையே இரண்டாக வெட்டி, இரண்டிரண்டு கம்பிக்கு ஒன்றாக வைத்து இதையே செய்தார்கள். 1951-ல் வந்த முதல் மாடலில் அது கிடையாது.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். ஆக இரைச்சல் ஏறக்குறைய ஜி சுருதியிலேயே நிற்கும். திருவிழா மேடையில் சீரியல் செட், ஜெனரேட்டர், டிம்மர் எல்லாம் சேர்ந்து பாடகருக்கு முன்னாடியே சுருதி பிடித்துவிடும் என்று பெரியப்பா சிரிப்பார்.

ஆனால் ஒன்றைச் சிரிக்காமல் சொல்கிறேன். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு எர்த் ஒயர் போகும். இதில் வியர்வை பட்டு அது பச்சை பிடித்திருந்தது. சுரண்டி மாட்டியதும், கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறது. அதாவது நீங்களும் அந்த எர்த்தோடு சேர்ந்துவிட்டீர்கள். ஆம்ப்பில் எர்த் சரியில்லை, மைக் வேறு லைனிலிருந்து வருகிறது என்றால், கையில் கம்பி, உதட்டில் மைக், சுரீர்! பெரியப்பா ஷாக் வாங்கியிருக்கிறார். இரைச்சலைக் குறைக்க மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைப் பிடுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மூடிவிட்டேன். இப்போது கழுத்துப் பக்க பிக்கப் மட்டும்... பிரிட்ஜ் பக்கம் மட்டும், மூக்கால் பேசுகிறது... இரண்டும் சேர்ந்தால் நடுவில் கொஞ்சம் பள்ளம் விழுகிறது. பிரிட்ஜ் பக்கத்தைத் துளி குறைத்தால் பள்ளம் நிரம்பி, ஒரு உறுமல் வருகிறது பாருங்கள். இந்த உறுமல் இந்த பேஸுக்குள் எப்போதும் இருந்திருக்கிறது, மாற்றிப் போட்ட ஒயர்தான் அதை வெளியே விடாமல் வைத்திருந்தது.

நேற்று சாயங்காலம் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். புதுக் கம்பி மாட்டி, துடைத்து வைத்திருந்தேன். ஒரு குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். இன்னொன்று பேசியது. திரும்ப ஒருமுறை செய்து பார்த்தார். "அந்த ஆளு கையில கொடுத்ததே நான்தான்," என்றார். யார் என்று கேட்டால் சொல்லவில்லை. அப்புறம் நாலு நோட் வாசித்துவிட்டு முகம் சுளித்தார்.

"பச்சை வாசனை அடிக்குதேப்பா. பழைய கம்பி எங்கே?"

வழவழவென்று பட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பி அது. அவர் மாற்றியதே இல்லை. அமெரிக்காவின் மோடவுன் ரிக்கார்டு கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் ஃபிளாட்வவுண்ட்தான், அவரும் கம்பி மாற்றுகிற ஜாதி இல்லை. நான் இரண்டு நாளாகப் பாட், கண்டன்சர் என்று மீட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன், அவர் தேடிய டோன் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கேரி பேக்கில் சுருண்டு கிடந்தது.

நல்ல வேளை, தூக்கிப் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மாட்ட வேண்டும்.