மூன்றாவது கன்னம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தீங்கு செய்தவனுக்குத் தர வேண்டியது மன்னிப்பா, பதிலடியா? நான் மன்னிப்பின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுப் பெரிய கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். "ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்கிறது உங்கள் வேதம். சரி, காட்டினேன். மூன்றாவது அறைக்குக் கன்னத்துக்கு எங்கே போவது?" நீங்களும் சிரித்தீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

ஐயா, அந்த வார்த்தையைச் சொன்னவர் கன்னத்திலேயே அறை விழுந்தது. பைபிளில் யோவான் 18ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியனின் விசாரணையில் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். அவர் வாய்மூடி நின்றாரா? நான் பேசியது தப்பென்றால் அதை நிரூபி, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கேட்டார் ஐயா! மன்னிக்கிறவன் ஊமையில்லை. அநியாயத்தை முகத்துக்கு நேரே சொல்வான், கையை மட்டும் ஓங்க மாட்டான். அதே ராத்திரி அவருடைய சீடர் பேதுரு வாளை உருவி மல்குஸ் என்பவன் காதை வெட்டுகிறார். வாளை உறையில் போடு என்று இயேசு தடுத்தார். அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். யார் காது? தன்னைப் பிடிக்க வந்தவன் காது!

அவர் ஆண்டவர், மனுஷரால் முடியுமா என்று அடுத்து வருபவர் கேட்பார். ஒடிசாவுக்கு வாருங்கள். மனோகர்பூர் கிராமம், 1999 ஜனவரி 22 இரவு. கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 1965இல் இந்தியாவுக்கு வந்து, பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காகவே வாழ்ந்தவர். ஊட்டியில் படித்த பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. அப்பாவும் மகன்களும் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. வெளியே வர விடவில்லை. மூவரும் கருகிப்போனார்கள்.

பாரிபதாவில் இருந்த மனைவி கிளாடிஸுக்குச் சேதி வருகிறது. மிச்சம் இருப்பது 13 வயது மகள் எஸ்தர். இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டப் போவதில்லை. கணவர் இல்லை. மகன் இல்லை. கடைக்குட்டியும் இல்லை. இதை அந்த அம்மா மகளிடம் சொல்ல வேண்டும். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அவன் குடும்பம் விளங்குமா என்று மண்ணை வாரித் தூற்றியிருப்போம். அந்த அம்மா, நாம் இருவரும் தனியாகிவிட்டோம், ஆனாலும் அவர்களை மன்னிப்போம் என்றார். சரி அம்மா, மன்னிப்போம் என்றது அந்தப் பிள்ளை. மறுபடி சொல்கிறேன், தாய்மார்களே. அப்பாவையும் தம்பிகள் இரண்டு பேரையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்த 13 வயதுப் பிள்ளை, சரி அம்மா என்றது!

குற்றவாளி தப்பிவிட்டானா? இல்லை. வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு அதைத் தடுக்கவில்லை.

கிளாடிஸ் அம்மா உடனே ஊருக்குப் புறப்பட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? 2004 வரை அதே பாரிபதாவில், கணவர் விட்டுப்போன அதே தொழுநோயாளிகளோடு இருந்தார். விரல் மடங்கிய அந்தக் கைகளை அவர் விட்டுப் போகவில்லை. அடுத்த வருஷம் இந்த நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஆனால் எந்த விருது அந்த இரண்டு பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கும்? பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! அந்த வலியோடுதானே அடுத்தவர் புண்ணுக்கு மருந்திடும் இடத்தில் அவர் நின்றார்?

எதிரணித் தலைவரே, மூன்றாவது கன்னம் எங்கே என்று கேட்டீர்களே, அந்தத் தாய்க்கு மூன்று அறை விழுந்தது ஐயா, மூன்று! நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அவர் முகத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.