புளியந்தீவில் பழைய வீடு: பாதுகாக்கப்பட்டால் பறிபோகுமா?

வணக்கம். இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வியை மட்டக்களப்பு புளியந்தீவைச் சேர்ந்த ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மம்மாவின் வீடு, தாய்வழியாக அவருக்கே சேர்ந்த வீடு. முன்னால் நீண்ட விறாந்தையும் மரத் தூண்களும் உள்ள ஓட்டு வீடு. "தொல்பொருள்காரர் வந்து பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று எழுதிவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விடும், அதற்கு முன்னர் உடைத்துவிட்டு பிளாட் (கொங்கிரீட் தட்டு) போட்டு மாடி கட்டு என்று அண்ணன்மார் வற்புறுத்துகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையா? கோட்டையைப் பாதுகாக்கிறார்கள், எங்கள் தெருவை ஏன் பாதுகாப்பதில்லை?" என்று கேட்கிறார்.

காணி உறுதி யார் பெயரில் இருக்கிறதோ வீடு அவருக்கே உரியது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமாகும். அது 1998இல் திருத்தப்பட்டது. தனியார் காணியிலுள்ள ஒரு கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிப்பதனால் உரிமை மாறுவதில்லை. நீங்கள் குடியிருக்கலாம், பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் திருத்தவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ முற்பட்டால், தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி பெற வேண்டும். அரசாங்கம் காணியையே எடுக்க வேண்டுமானால், அதற்கென 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் வேறொரு நடைமுறை இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள்.

உங்கள் அண்ணன்மார் அறியாத இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டம் புராதன நினைவுச் சின்னம் என்று எதைச் சொல்கிறது தெரியுமா? 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதை. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 மே 18இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நமது கோட்டை தயக்கமின்றி அதற்குள் அடங்கும். ஆனால் புளியந்தீவின் முகம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதற்குப் பின்னர் வந்தது. புனித மைக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கப்பட்டது. பாலமீன்மடுவிலுள்ள வெளிச்ச வீடு 1913க்குரியது. கல்லடியின் பழைய இரும்புப் பாலம் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரைத் தாங்கியது. அந்தத் திகதிக்குப் பிற்பட்ட கட்டடமொன்றைப் புராதனமானதாகக் கருத வேண்டுமானால், அமைச்சர் அதனைக் குறித்துத் தனியே கட்டளை பிறப்பிக்க வேண்டும். ஆகவே உங்கள் அம்மம்மாவின் வீட்டைப் பொறுத்தவரை, சட்டம் வந்து பிடித்துக்கொள்ளும் என்பதை விட, சட்டத்தின் கண்ணில் படாமலே அது மறைந்துவிடும் என்பதுதான் எனக்கு நெருங்கிய ஆபத்தாகத் தெரிகிறது.

அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்காக ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது, அதன் முதல் உறுப்பினர்களுள் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழம்பொருளைப் பற்றித் தீர்மானிக்க, அந்த மக்களுள் ஒருவரேனும் இன்றி ஒரு குழு உட்காருவதை எவரால் நம்பிக்கையோடு பார்க்க முடியும்? வயலும் மேய்ச்சல் தரையும் பறிபோய்விடுமோ என்று நமது கிராமங்களில் எழுந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தின் பேரில் நமது சொந்த வீட்டை நாமே இடித்தால், நமது பழமைக்கு நாம் வைத்திருந்த சாட்சியைத்தான் அழித்துவிடுகிறோம்.

தெருவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தொல்பொருள் சட்டம் ஒவ்வொரு கட்டடமாகவே பார்க்கிறது. ஒரு தெருவின் அழகு தனிக் கட்டடத்தில் இருப்பதில்லை. ஓடுகளின் சரிவு ஒரே மட்டத்தில் வருவதும், விறாந்தைகள் வழிப்போக்கனுக்கு நிழல் தருவதும், தெருமுனையில் வாவி தெரிவதும் சேர்ந்ததே தெரு. அந்த வரிசையில் ஒரு வீட்டை உடைத்து நான்கு மாடி எழுப்பினால், பக்கத்து வீட்டை யாரும் தொடாமலே அதன் தோற்றம் கெட்டுவிடுகிறது. இதனைக் காக்க வேண்டிய இடம் நகரத் திட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்தித் திட்டத்தில் பாதுகாப்பு வலயம் வகுத்து, கட்டடங்களின் உயரத்தையும் முகப்பையும் வரையறுக்க முடியும். காலிக் கோட்டையில் அந்தப் பாதையில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். அது 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. நெதர்லாந்தின் உதவியுடன் தனியார் வீடுகளும் திருத்தப்பட்டன.

காலியில் நடந்த மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. வீட்டின் விலை ஏறிய பின்னர் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டுப் போய்விட்டன, வீடுகள் விடுதிகளாயின. தமிழர் தெருக்களும் உள்ள பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமையானது. அதற்கு முன்னரே, 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. சுவரைக் காப்பாற்றிவிட்டு ஆட்களை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மட்டக்களப்பில் இன்றும் வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் என்னும் கலப்பு மொழி பேசுகின்ற பறங்கியர் இருக்கிறார்கள். ஓடாவி வேலையும் கொல்லர் வேலையும் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில்கள். பழைய கதவின் கீலும் பூட்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை அறிந்த கைகள் அவை. அவர்களும் அயலவர்களும் இல்லாத புளியந்தீவுக்கு எந்த வர்த்தமானி வந்தும் பயனில்லை.

நடைமுறையில் உங்களை இன்றே தொடக்கூடிய ஒரு விதியும் உண்டு. புராதன நினைவுச் சின்னத்திலிருந்து 400 யார் தூரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 366 மீற்றருக்குள், கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கோட்டையிலிருந்து அளந்தால் அது புளியந்தீவின் கணிசமான பகுதிக்குள் வரும். ஆகவே அண்ணன்மார் நினைப்பதுபோல வீட்டை உடைத்தவுடன் மாடி எழும்பிவிடாது. மாநகர சபையின் அனுமதியோடு தொல்பொருள் திணைக்களத்தின் சம்மதமும் தேவைப்படலாம். உடைத்த பிறகு அனுமதிக்காகக் காத்திருந்தால் வெறும் வளவுதான் மிஞ்சும்.

அடுத்தது, இடிக்காமல் திருத்தும் வழி. இதில் நான் பட்ட அனுபவம் உண்டு. எங்கள் அப்பாவின் வீட்டில் சுவரின் அடிப்பகுதி உதிர்கிறது என்று ஒரு மேசனைக் கூப்பிட்டோம். அவர் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு முழங்கால் உயரத்துக்குச் சீமெந்து பூசினார். இரண்டு மாரி கழிந்தது. பூச்சு தகடு தகடாகக் கழன்று விழுந்தது; பின்னாலிருந்த செங்கல்லை விரலால் சுரண்டினால் சிவந்த மாவாக உதிர்ந்தது, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாவிக்கரை நிலத்தின் ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே போகவிடும். உப்பு பூச்சிலே படிந்து பூச்சுத்தான் தேயும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். சீமெந்து ஈரத்தை அடைத்துவிடுவதால் உப்பு செங்கல்லுக்குள்ளேயே பளிங்காகித் திரண்டு கல்லை உடைக்கிறது. அப்பா அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் என் மனதில் இருக்கிறது.

முன்னோர்கள் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடலோரத்தில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம், எவர் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். சுண்ணக்கல்லிலிருந்து எடுத்த நீற்றுச் சுண்ணாம்பு கடையில் கிடைக்கும், அதை ஊறவைத்து மணலோடு சேர்த்துப் பூசலாம்.

பிளாட் போடுவது பற்றி: ஓட்டுக் கூரைக்கென்று எழுப்பிய சுவரின் மேல் கொங்கிரீட்டின் பாரத்தை ஏற்றாதீர்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் மட்டக்களப்பில் பறந்த கூரைகளை எண்ணி நீங்கள் தயங்குவது புரிகிறது. அதற்கு வளைகளையும் சுவர்த் தலையையும் இரும்புப் பட்டையால் பிணைப்பதே வழி. உளுத்த வளையை மட்டும் மாற்றினால் போதும். இடம் போதாதென்றால், முன் வீட்டை அப்படியே விட்டு, பின்வளவில் தாழ்வான புதிய பகுதியொன்றைக் கட்ட அனுமதி கேளுங்கள்.

மாரி தொடங்குமுன் ஒரு ஓடாவியை ஏற்றிக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பீலியில் அடைத்திருக்கும் சருகைக் கையால் அள்ளி எடுத்து, உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். வீட்டை நான்கு பக்கமும் படம் பிடித்து, அறைகளை அளந்து, உறுதியின் பிரதியோடு ஒரு கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பை அண்ணன்மாருக்கும் காட்டுங்கள்.