சிரிக்க வைத்தது பக்கம்தான்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் எழுத்தாள நண்பர்களே, படம் முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சற்று முன்புதான் அந்த ஆவணப்படத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். டக்ளஸ் டிரோலா இயக்கி 2015-இல் வந்த ‘ட்ரங்க் ஸ்டோன்ட் பிரில்லியன்ட் டெட்’. அமெரிக்காவின் ‘நேஷனல் லம்பூன்’ என்ற நையாண்டி இதழின் கதை. 1970 ஏப்ரலில் முதல் இதழ், 1998-இல் கடைசி இதழ். அதைத் தூக்கி நிறுத்தியது எழுதிய பேனாவா, வடிவமைத்த பக்கமா என்பது இன்றைய வழக்கு. நான் பக்கத்தின் கட்சி. இருபது வருடமாகப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டிப் பிழைக்கிறவன் நான். வேறு பக்கம் நின்று பேச எனக்கு வாய் வராது.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். இதழைத் தொடங்கி எழுதிய டக் கென்னி, ஹென்றி பியர்ட், உடன் எழுதிய மைக்கேல் ஓ’டானஹியூ என்று பெயர்களை அடுக்கினார். “சமையல் நன்றாக இருந்தால் வாழை இலையில் போட்டாலும் தையல் இலையில் போட்டாலும் ருசிக்கும்” என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினார். சாம்பாருக்கு அது சரி. பகடிக்குச் சரிவராது நடுவர் அவர்களே. பகடியில் இலையும் சமையலின் ஒரு பங்கு.

ஏன் என்று சொல்கிறேன். 1970 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வந்த ஏழு இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கென்னி, அதே பியர்ட். ஹார்வர்டு மாணவர்களின் நகைச்சுவை இதழில் எழுதி எழுதிக் கை பழகியவர்கள். எழுத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பக்கங்கள், பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே வந்த அன்றைய ‘அண்டர்கிரவுண்ட்’ காமிக்ஸ் பாணியில் கிறுக்கலாக இருந்தன. எதைக் கிண்டல் செய்தாலும் அதே கிறுக்கல். புத்தகத்தைத் திறந்ததுமே ‘இது ஜோக்’ என்று பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வாசகன் எங்கே ஏமாறுவது, எங்கே சிரிப்பது?

அந்த ஆண்டு நவம்பர் இதழிலிருந்து மைக்கேல் கிராஸ் கலை இயக்குநராக, அதாவது பக்கங்களின் தோற்றத்துக்குப் பொறுப்பாளராக, வந்தார். அவர் கொள்கை ஒன்றுதான். தபால் தலையைக் கிண்டல் செய்தால் அது அசல் தபால் தலை மாதிரியே இருக்க வேண்டும். விளம்பரத்தைக் கிண்டல் செய்தால் அதே எழுத்துரு, அதே இடைவெளி, அதே புகைப்பட வெளிச்சம். வாசகன் முதல் பார்வையில் நம்ப வேண்டும், இரண்டாவது பார்வையில் திடுக்கிட வேண்டும். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் சிரிப்பு பிறக்கிறது.

என் தொழிலில் நானே பட்டது ஒன்று. ஒரு பத்திரிகைக்கு, தேர்தல் கூட்டணியைக் கல்யாணப் பத்திரிகை நடையில் கிண்டல் செய்து ஒருவர் எழுதிக் கொடுத்தார். அருமையான எழுத்து. அவசரத்தில் அதை வழக்கமான இரண்டு பத்தியில் ஓட்டி அனுப்பிவிட்டேன். ஒரு கடிதம்கூட வரவில்லை. ஆண்டு மலரில் அதையே மறுபடி போட்டபோது மேலே பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரை அசல் அழைப்பிதழாகவே கட்டினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. அந்த வாரம் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர் என் மேஜைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஃபோக்ஸ்வாகன் விவகாரத்துக்கு வருகிறேன். என் கட்சியின் முக்கியச் சாட்சி இதுதான். அந்தக் கம்பெனி தன் குட்டிக் கார் தண்ணீரில் மிதப்பதைக் காட்டி விளம்பரம் செய்திருந்தது. 1969 ஜூலையில் செனட்டர் டெட் கென்னடி ஓட்டிய கார் சாப்பாகுவிடிக் பாலத்திலிருந்து நீரில் விழுந்து, உடன் வந்த இளம்பெண் இறந்துபோனார். 1973-இல் லம்பூன் இரண்டையும் சேர்த்தது. தண்ணீரில் மிதக்கும் கார். கீழே, டெட் கென்னடி ஃபோக்ஸ்வாகன் ஓட்டியிருந்தால் இன்று ஜனாதிபதியாக இருந்திருப்பார் என்ற பொருளில் ஒரு வரி.

“அந்த யோசனை ஆன் பீட்ஸ் என்ற எழுத்தாளருடையது” என்று எதிரணி சொல்லும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பெனி ஏன் வழக்குப் போட்டது? அந்தப் பக்கம் அப்படியே தங்கள் விளம்பரம் மாதிரி இருந்தது, தங்கள் சின்னமும் அதில் இருந்தது, மக்கள் உண்மை என்றே நம்பிக் கோபப்பட்டார்கள் என்பதால். அதே வரியை ஒரு துணுக்காகப் போட்டிருந்தால் எந்தக் கம்பெனி வக்கீல் வைக்கும்? ஒரு கார் கம்பெனியை நீதிமன்றப் படி ஏற வைத்தது அந்த வடிவம்.

அடுத்து 1974-இல் வந்த பள்ளி ஆண்டு மலர்ப் பகடி. டக் கென்னியும் பி.ஜே. ஓ’ரூர்க்கும் ஆசிரியர்கள், டேவிட் கேஸ்ட்ல் கலை இயக்குநர். ஒஹாயோவில் டேக்ரன் என்று இல்லாத ஓர் ஊர், அதில் இல்லாத ஒரு பள்ளி, 1964-ஆம் ஆண்டுக்கான மலர். லாரி க்ரோகர் என்ற மாணவனின் சொந்தப் பிரதி என்பது கற்பனை. வரிசையாகப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். படங்களைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் எல்லாம் சிநேகிதர்கள் பேனாவால் எழுதிய வாழ்த்துகள், ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. உள்ளேயே பள்ளிச் செய்தித்தாள் ஒன்று, பாடப்புத்தகப் பக்கங்கள். நம்மில் ஆட்டோகிராஃப் நோட்டு வைத்திருந்தவர்களுக்கு அது புரியும். ஒருவன் சாய்த்து எழுதுவதும் இன்னொருத்தி வட்ட வட்டமாக எழுதுவதும் ஆளையே காட்டிவிடும். டேக்ரன் என்ற ஊரே இல்லை, ஆனால் மூடி வைக்கும்போது அங்கே படித்த பிள்ளைகளை நினைத்து மனசு கனக்கிறது. அச்சடித்த வரிகளால் மட்டும் அதைச் செய்ய முடியாது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நடிகர்களைக் கொண்டு வந்தார். லம்பூனின் மேடை, வானொலி நிகழ்ச்சிகளில் நடித்த ஜான் பெலுஷி, செவி சேஸ், பில் முர்ரே, அப்புறம் 1978-இல் லம்பூன் பெயரில் வந்த ‘அனிமல் ஹவுஸ்’ திரைப்படம். எல்லாம் பெருமைதான். ஆனால் அது லம்பூன் பெற்ற பிள்ளைகளின் கதை; நம் வழக்கு தாயைப் பற்றியது. படத்தில் எனக்கு இருந்த ஒரே மனக்குறையும் இதுதான். நட்சத்திரங்கள் வந்து பேசும் நேரத்தில் பாதியை அந்தப் பக்கங்களுக்குத் தந்திருக்கலாம். பழைய பக்கங்கள் திரையில் அசைந்து வந்தபோதுதான் இந்த அரங்கம் வாய்விட்டுச் சிரித்தது. நானும் பார்த்தேன், நடுவரும் பார்த்தார்.

இன்னொரு வாதமும் வைத்தார்கள். 1975-இல் நிறுவனர்கள் தங்கள் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டார்கள், பியர்ட் போய்விட்டார். கென்னி சினிமாவுக்குப் போனார். 1980-இல் ஹவாயில் பாறையிலிருந்து விழுந்து இறந்தார், 33 வயது. படத்தில் அந்த இடம் வந்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. “பேனாக்கள் போனதும் இதழ் தேய்ந்தது, ஆகவே பேனாதான்” என்கிறார்கள். தேதியைப் பாருங்கள் ஐயா. 1974 அக்டோபர் இதழ் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. அதுதான் உச்சம். கிராஸும் கேஸ்ட்லும் வெளியேறியது அதே 1974. பேனாக்களுக்கு முன்பே வீட்டை விட்டுப் போனது பக்கம்தான்.

கிராஸ் பிறகு என்ன செய்தார் தெரியுமா? ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தின் சின்னம், சிவப்பு வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட அந்த வெள்ளைப் பேய், அவர் கையில் உருவானது. படம் பார்க்காத குழந்தைக்கும் அது தெரியும்.

கடைசியாக 1973 ஜனவரி அட்டை. வெள்ளையும் கருப்புமாக ஒரு நாய், அதன் தலைக்கு நேராக ஒரு கைத்துப்பாக்கி. ‘இந்தப் பத்திரிகையை வாங்காவிட்டால் இந்த நாயைக் கொன்றுவிடுவோம்’ என்ற பொருளில் வாசகம். யோசனை எட் புளூஸ்டோன் என்ற எழுத்தாளருடையது, மறைக்கவில்லை. ஆனால் படம் எடுக்கும்போது ஒரு சிக்கல். நாயைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. புகைப்படக்காரர் ரொனால்டு ஹாரிஸ் விடவில்லை. துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தபோது ‘கிளிக்’ என்று சத்தம் வந்தது. நாய் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டியது. அந்த நொடிதான் அட்டை. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் கடந்த நாற்பது ஆண்டுகளின் சிறந்த அட்டைகளைத் தேர்ந்தெடுத்தபோது இதற்கு ஏழாவது இடம் கொடுத்தது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்வதற்கு முன் அந்த அட்டையை இன்னொரு தடவை திரையில் போடச் சொல்லுங்கள். வாசகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த நாயின் கண்ணை மட்டும் பாருங்கள். நன்றி, வணக்கம்.