சந்து இருக்கட்டும், கடியைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

மூன்று வயதுக் குழந்தையோடு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டாக்டர், பல்லுக்குப் பல் இவ்வளவு சந்து விழுந்திருக்கிறதே, கிளிப் போடணுமா?" என்றுதான். வேண்டாம். அந்தச் சந்து இருப்பதே நல்லது. 6, 7 வயதில் முளைக்கும் நிரந்தர முன்பற்கள் பால் பற்களைவிட அகலமானவை. அவை வந்து உட்கார இடம் வேண்டாமா? முத்துக் கோத்ததுபோல நெருங்கி நிற்கும் பால் பற்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. பிற்காலத்தில் பல் மேல் பல் ஏறி முளைக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் பார்க்க வேண்டியது கடியை, அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று சேரும் விதத்தை. குழந்தையைக் கடைவாய்ப் பற்களால் கடிக்கச் சொல்லி, உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். பின்பற்கள் சேர்ந்த பிறகும் முன்பற்களுக்கு நடுவே ஜன்னல் மாதிரி திறந்திருந்தால், பெரும்பாலும் விரல் சூப்பும் பழக்கம்தான் காரணம். விரல் மேல்பற்களை முன்னால் தள்ளுகிறது. அதோடு நிற்பதில்லை. நாக்கு அண்ணத்தைத் தாங்காமல் கீழே இறங்கிவிடுகிறது, கன்னத் தசைகள் இரண்டு பக்கமும் அழுத்துகின்றன, மேல்தாடை குறுகுகிறது. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றன. ஒழுங்காகக் கடிக்க முடியாத குழந்தை தாடையை ஒரு பக்கமாக நகர்த்திக் கடிக்கப் பழகிவிடும்.

மூன்று, நான்கு வயதுக்குள் பழக்கம் நின்றால் முன்பக்கத் திறப்பு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். குறுகிய தாடை அப்படி எளிதில் விரிவதில்லை. தாடை ஒரு பக்கம் நகர்கிறது என்றால் பால் பல் வயதிலேயே காட்டிவிடுங்கள். கீழ்முன்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து நின்றாலும் அப்படித்தான்.

விரலை எப்படி நிறுத்துவது? தயவுசெய்து அடிக்காதீர்கள், நாலு பேர் முன்னால் கேலி செய்யாதீர்கள். அந்தக் குழந்தைக்கு விரல் ஓர் ஆறுதல். தூக்கம் வரும்போதா, பயத்திலா, தனியாக இருக்கும்போதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த நேரத்தில் கைக்கு ஒரு பொம்மை கொடுங்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். சூப்பாமல் தூங்கிய மறுநாள் காலையில் மனதாரப் பாராட்டுங்கள்.

அப்புறம், குறட்டை விட்டு, வாய் திறந்தபடியே தூங்கும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

"விழப்போகிற பல்தானே டாக்டர்" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. பால் கடைவாய்ப் பல் 10, 12 வயது வரை நிற்க வேண்டியது. சொத்தையாகி நாலு வயதில் பிடுங்கினால், ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பிறகு வர வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு வழி இருக்காது. பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இடத்தைக் காக்கக் கம்பி வளையம் வைக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

சரி, குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் இப்படி வரிசையாக வாருங்கள். டார்ச் கொண்டுவந்திருக்கிறேன், ஒவ்வொருவராகக் கடிக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்.